கடைவாய்ப் பல் போன இடத்தில் என்ன வைப்பது: செட், பிரிட்ஜ், இம்ப்ளான்ட்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவரிடம் "அப்புறம் அந்த இடத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டால், "உள்ளேதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது" என்பார். வெளியே தெரியாதுதான். ஆனால் அந்த இடம் சும்மா இருக்காது. பக்கத்துப் பற்கள் மெல்ல அந்தப் பக்கம் சாயும். எதிர்வரிசைப் பல், கடிக்க ஜோடி இல்லாமல், மெதுவாக அந்தப் பள்ளத்தை நோக்கி நீளும். தாடை எலும்பும் கரையும். முதல் வருஷத்தில்தான் அதிகம் கரையும். கடைசியில் முளைக்கும் ஞானப் பல் என்றால் கவலை வேண்டாம், அதற்கு மாற்று தேவையில்லை. மற்ற கடைவாய்ப் பற்களுக்கு "பிறகு பார்த்துக்கலாம்" என்பது நல்ல முடிவல்ல.

பிடுங்கும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ரூட் கேனால் செய்து (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அடைத்து), மேலே உறை மாதிரி கேப் போட்டுக் காப்பாற்ற முடியுமா? சொந்த வேருக்கு ஈடாக செட், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் என்ற மூன்றில் எதுவும் வராது. முடியாது என்று டாக்டர் சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு.

கழற்றி மாட்டும் செட்தான் மூன்றிலும் மலிவு. பக்கத்துப் பல்லைக் கம்பியால் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பல்லுக்காக இதைப் போடுகிறவர்கள் பலர் கொஞ்ச நாளில் டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். முறுக்கு கடித்தால் ஆடும், கீரைத் தண்டு நார் அடியில் போய் மாட்டும். ஆனால் நிறைய பற்கள் போன முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், வெந்நீர் கூடாது, நெளிந்துவிடும். கழுவும்போது வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பிக்கொண்டால், கை தவறி விழுந்தாலும் உடையாது. கை நடுங்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

பிரிட்ஜ் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் கேப் போட்டு, அவற்றோடு சேர்த்து நடுவில் போலிப் பல்லை நிறுத்துவதுதான் பிரிட்ஜ். இரண்டு மூன்று முறை போனால் வேலை முடிந்துவிடும், கழற்ற வேண்டியதில்லை, இம்ப்ளான்ட்டைவிடச் செலவும் குறைவு. அதனால் "ஃபிக்ஸட் பல் கட்டிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். ஆனால் போன ஒரு பல்லுக்காக, இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் சுற்றிலும் ராவியாக வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. கேப்பின் விளிம்பில் சொத்தை விழுந்தால் உள்ளே போவது வெளியே தெரியாது. அந்தப் பல் ஏற்கெனவே ரூட் கேனால் செய்ததாக இருந்தால் வலித்துக்கூடக் காட்டிக்கொடுக்காது. அது கெட்டால் பிரிட்ஜும் போகும். ஒரு பல் போன இடத்தில் இரண்டு, மூன்று பல்லுக்கு வழி தேட வேண்டிவரும். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிதாக அடைத்தவை, எப்படியும் கேப் தேவைப்படுபவை என்றால், பிரிட்ஜ் நியாயமான முடிவு. நல்ல பல்லை ராவச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

இம்ப்ளான்ட்டைப் "புதுசா வந்த சமாச்சாரம்" என்று பயப்படுகிறார்கள். சுவீடனில் பிரோனேமார்க் என்ற மருத்துவர் 1965-இலேயே ஒருவருக்குப் பொருத்தியது அது. பொருத்திக்கொண்டவர் வாயில் அது 40 வருஷம் உழைத்தது. டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டிப் பிடிக்கும், அதன் மேல் பல் வரும். பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதே இல்லை. எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் அதிகம். சொத்தை வராது என்பதற்காகத் தேய்க்காமல் விட்டால், சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, திருகே ஆடிவிடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இது தோற்கும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் முதலில் சர்க்கரையைக் குறைத்து, சிகரெட்டை விட்டுவிட்டு வருவது நல்லது.

என்னைக் கேட்டால், முப்பது நாற்பது வயதுக்காரருக்கு ஒரே ஒரு பல், இரண்டு பக்கமும் நல்ல பல் என்றால் இம்ப்ளான்ட்தான். பணம் சேர்க்க நாளாகும் என்றால், பல் சாயாமலிருக்க அதுவரை செட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவசரப்பட்டு நல்ல பல்லை ராவ வேண்டாம்.

கையில் காசு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால், பொதுவாகக் கட்டணம் குறைவு. நேரம் பிடிக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. எங்கே போனாலும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசியையும் பல் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.