காரைக்குடியில் பீங்கான் வாங்கப் போனால் கையில் காந்தம் இருக்கட்டும்

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குக் குறைவில்லை. நான் போன கடையில் கதவு, நிலை, சாமி படங்களைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால்தான் புழங்கு சாமான் கண்ணில் படும். தூசி நிறைய. நல்ல சேலை கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

"பீங்கான் எடுங்க தம்பி" என்றேன். ஊறுகாய் ஜாடி, பூப்போட்ட தட்டு, நீல விளிம்பு வைத்த ஸ்வீடன் தூக்குச்சட்டி என்று மூன்றை எடுத்து வைத்தார். தூக்குச்சட்டியில் காந்தம் பச்சென்று ஒட்டியது. அது எனாமல், இரும்பின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது. "எல்லாம் பீங்கான்தானே ஆச்சி" என்றார். பீங்கான் விலைக்கு எனாமலா?

ஆனாலும் அவரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது, அந்தச் சொல்லே ஊருக்கு ஊர் அர்த்தம் மாறியது. நாங்கள் பினாங்கில் இருந்தபோது சோற்றுக்கடையில் 'பிங்கான்' என்றால் தட்டு. மெலமைன் பிளாஸ்டிக் தட்டும் பிங்கான்தான். சிங்களத்தில் 'பிங்கான' என்பதும் தட்டே. பாரசீகத்தில் 'பிங்கான்' கிண்ணம். அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது முங்கும் நேரத்தைக் கணக்கு வைத்துப் பாசனத் தண்ணீரைப் பங்கு போட்டார்கள், நம் நாழிகை வட்டில் மாதிரி. அரபியில் 'ப' கிடையாது, 'ஃபின்ஜான்' ஆகிவிட்டது. துபாயில் என் தம்பி மகன் காவா என்ற அரபிக் காப்பி குடிக்கிற பிடியில்லாச் சின்னக் கோப்பை அதுதான். நாம் மட்டும் பாத்திரத்தை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டோம்: பீங்கான் தட்டு, பீங்கான் ஜாடி, பீங்கான் கழிப்பறை கூட! பீங்கானுக்கு எங்கள் வீடுகளில் சொல்லும் 'மங்கு'வும் இப்படித்தான். மலாயில் 'மங்கோக்' வெறும் கிண்ணம்; இங்கே மங்கு ஜாடி என்கிறோம்.

சரி, கடைக்கு வருகிறேன். ஜாடிகள் அருமை, பழுப்பு மெருகு கெடவே இல்லை. தண்ணீர் ஊற்றிச் சற்று வைத்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் கசியும். எனாமலில் பூச்சு உதிர்ந்த இடம் துருவேறும், அதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், பூ வைக்கலாம். பேரம் உண்டு, முகம் சுளிப்பதில்லை. கட்டிக் கொடுப்பதுதான் மோசம், ஒற்றைச் செய்தித்தாளோடு சரி. பழைய வேட்டி இரண்டு கொண்டு போய்விடுங்கள்.