ஆண் கடலா, பெண் கடலா: பவளத்துக்கு எந்தப் பக்கம் தோது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நின்றால் இரண்டு கடலும் நடந்து போகும் தூரம்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அடங்கிக் கிடக்கும் வடக்கைப் பெண் கடல் என்றும், இரைச்சல் போடும் தெற்கை ஆண் கடல் என்றும் இந்தப் பக்கம் சொல்வார்கள். பவளப்பாறை இரண்டிலும் உண்டு. போன மாசியில் அக்கா மகனுக்குப் பவளம் காட்டக் கூட்டிப் போனபோது, வடக்குக்கு ஒரு நாள், தெற்குக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டேன். அடுத்த முறை ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் யோசிக்கவே மாட்டேன், தெற்குதான்.

வெயில், வெப்பம், உப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிற தேவைகளில் இரண்டுமே தேறிவிடும். பாறை கட்டும் பவளத்துக்கு 23 முதல் 29 டிகிரி வரை சுகம். சித்திரை, வைகாசியில் இரண்டு கடலும் 30-ஐத் தாண்டித் தவிக்கின்றன. 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளிறிப்போனது அப்படித்தான். வடக்கில் மழைக்காலத்தில் வங்கக்கடல் தண்ணீர் புகுந்து உப்பைக் கொஞ்சம் குறைக்கும். சரி, முடிவு அதில் இல்லை.

முடிவு சேற்றில் இருக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பகுதி 15 மீட்டருக்குள் அடங்கிவிடும், அடியில் சேறு. வாடைக்காற்று வீசினால் அந்தச் சேறு எழுந்து நிற்கும். போதாததற்கு இழுவைமடிப் படகுகள் அடிமண்ணைக் கிளறுகின்றன. நாங்கள் போன படகில் எட்டிப் பார்த்தால் ஒரே பச்சைக் கலங்கல். அரை மணி நேரம் சுற்றி, உருண்டையாக ஏதோ நிழல் மாதிரி ஒன்றைப் பார்த்தோம். "வாடை ஓஞ்சு கொஞ்ச நாள் ஆகணும்ணே, சேறு படியணும்" என்றார் படகுக்காரர். ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

கலங்கலால் நமக்குப் போவது காட்சி, பவளத்துக்குப் போவது சாப்பாடு. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் குறைந்தால் அடுப்பு அணைந்த மாதிரி. மேலே படியும் மண்ணைப் பவளம் கோழையால் சுற்றித் தள்ளிவிடும், அதற்கும் தெம்பு செலவாகும். எல்லாவற்றையும் விட மோசம் குஞ்சுகளின் பாடு. மிதந்து வரும் பவளக் குஞ்சு கெட்டியான கல்லில்தான் ஒட்டும். கல்லின் மேல் மெல்லிய சேற்றுப் படலம் இருந்தாலே அதற்கு இடமில்லை. தாய்ப் பவளம் தாக்குப்பிடித்தாலும் அடுத்த தலைமுறை வராது.

அக்கா மகன் இரண்டு கடலிலும் ஒவ்வொரு பாட்டில் தண்ணீர் நிரப்பி வந்து ஜன்னலில் வைத்தான். மறுநாள் காலையில் வடக்கு பாட்டிலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு, ஆட்டினால் புகை மாதிரி எழுந்தது. தெற்கு பாட்டிலில் நாலைந்து மணல் துகள். ஒரு நாள் தண்ணீரை வைத்துக் கடலையே எடைபோடக் கூடாதுதான். ஆனாலும் அன்று பார்த்ததோடு அது பொருந்தியது.

தெற்கில், பாம்பன் தீவின் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போனோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றித்தான் பாறைகள். தெளிந்த தண்ணீரில் கிளை கிளையாக மான்கொம்புப் பவளம் தெரிந்தது. நல்ல நிலைமையில் அது வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர் வரை நீளும். உருண்டைப் பவளம் 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஆனால் சேற்றைப் பொறுத்துக்கொள்வது உருண்டைதான், வடக்கில் அதன் கை ஓங்கியிருப்பதும் அதனால்தான். வெளிறல் வருஷங்களில் கிளைப் பவளம்தான் முதலில் போகிறது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் வடக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தெற்கு ஒன்றும் மாசு மறுவற்றது இல்லை. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளக்கல்லை வெட்டினார்கள். 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 2001-ல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தில் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். வெட்டிய இடத்தில் மிஞ்சியது உருளும் சல்லி, குஞ்சு ஒட்டினாலும் அலை புரட்டிவிடும். தூத்துக்குடி பக்கத்து வான் தீவில் 2015 முதல் சிமென்ட் கட்டுமானங்களை இறக்கியது தீவின் அரிப்பைத் தடுக்க. பவளம் ஒட்டக் கெட்டியான தளமும் அதில் கிடைத்தது. குருசடையில் வேறு தலைவலி: வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் கடற்பாசி பரவி, உயிருள்ள பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டது.

ஆனி, ஆடியில்தான் லீவு கிடைக்கும் என்றால் கணக்கு மாறும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்கு அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் நான் வடக்கில் இறங்கியதில்லை. அப்படிப் போகிறவர்கள் படகுக்குக் காசு கொடுக்கும் முன் கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாருங்கள். கால்விரல் தெரிந்தால் ஏறலாம்.