விட்டு விட்டு வரும் டீசல் கோளாறு: ஸ்கேனரா, பாட்டிலா, பெஞ்சா?

பைபாஸில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் டீசல் கார் திடீரென்று இழுவை செத்து, எஞ்சின் விளக்கைப் போட்டுவிடும். ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஷெட்டில் கொண்டுபோய் விட்டால் நாள் முழுக்கச் சமர்த்தாக நிற்கும். தேவையில்லாத பாகங்கள் அதிகம் மாற்றப்படுவது இந்த வகைக் கோளாறில்தான். முதலில் ஃபில்டர், அடுத்து பிரஷர் சென்சார், பிறகு பம்ப், கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டர். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. மாருதி ஸ்விஃப்ட், டாடா விஸ்டா, ஃபியட் லீனியா என்று 1.3 மல்டிஜெட் எஞ்சினோடு இன்னும் ஓடுபவை எல்லாம் வயதான வண்டிகள். பம்பும் இன்ஜெக்டரும் சேர்த்து மாற்றினால் வண்டி விற்கிற விலையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன், எந்தச் சோதனையை நம்புவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

என் கட்சி இதுதான்: கோளாறு வரும் நேரத்தில் வண்டிக்குள் இருக்கிற சோதனைக்கே முதலிடம். நின்ற இடத்தில் செய்பவை எல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணை (கோடு) படிப்பது எல்லோரும் முதலில் செய்வது, செய்யவும் வேண்டியது. ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். பி0087 என்றால் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசலைத் தரும் பொதுக் குழாயில், அழுத்தம் குறைந்தது என்று மட்டுமே பொருள். டேங்கின் அடியில் கிடக்கும் குப்பையிலிருந்து தேய்ந்த இன்ஜெக்டர் வரை எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். பி0190 முதல் பி0193 வரை வந்தால் சென்சார், அதன் வயர், அதன் சாக்கெட் பக்கம் பார்வை போகவேண்டும். கோளாறு எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதோடு சேமிக்கப்படும் ஃப்ரீஸ் ஃப்ரேம். கோளாறு பதிவான கணத்தில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்று அதில் இருக்கும். அதை எழுதிக்கொள்ளாமல் கோளாறு எண்ணை அழிப்பது கையில் இருந்த சாட்சியைத் தொலைப்பதற்குச் சமம். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல வண்டிகளில் அது போய்விடும்.

அடுத்தது ஓட்டிக்கொண்டே ரெயில் பிரஷரைப் பதிவு செய்வது. இதற்கு ஈடு எதுவும் இல்லை. காமன் ரெயில் வண்டி ஐடிலிங்கில் பெரும்பாலும் 250–300 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்கும். ஏற்றத்தில் மிதித்தால் 1000 பாரைத் தாண்டும். கம்ப்யூட்டர் கேட்ட பிரஷர், உண்மையில் கிடைத்த பிரஷர், ஆர்பிஎம் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மிதிக்க மிதிக்க, கேட்டது ஏறியும் கிடைத்தது மெதுவாகப் பின்தங்கினால் பம்புக்கு டீசல் போதவில்லை, அல்லது ரெயிலில் நிற்காமல் எங்கோ கசிகிறது. எஞ்சின் ஓட்டத்தில் மாற்றமே இல்லாமல் பிரஷர் மட்டும் ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுந்து திரும்பினால் அது டீசல் கோளாறே இல்லை, சென்சாரோ வயரோ விடுகிறது. பூஜ்யம் பாரில் எந்த டீசல் எஞ்சினும் ஓடாது. சிக்னலில் நிற்க வரும்போது, மிதியை விட்டதும் பிரஷர் ஏறி இறங்கி ஆடி வண்டி ஆஃப் ஆனால் பம்புக்குள் போகும் டீசலை அளந்து விடும் மீட்டரிங் வால்வ் மேல் சந்தேகப்படலாம். வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்க, கியரும் விழுந்திருக்க, ஆர்பிஎம் மட்டும் சட்டென்று பூஜ்யம் காட்டினால், எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார்தான் காரணம். டீசல் பம்ப் மேல் பழி விழுந்த பல வண்டிகளில் குற்றவாளி இதுதான்.

மலிவான ப்ளூடூத் அடாப்டர் போதுமா என்றால், பாதி போதும். பழைய வண்டிகளில் அது கிடைத்த பிரஷரை மட்டும் காட்டும். கேட்ட பிரஷருக்கு அந்தக் கம்பெனி வண்டியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். எதுவானாலும் இருபது அளவுகளை ஒன்றாகத் திறக்காதீர்கள். மூன்று நான்கு மட்டும் வைத்தால்தான் வேகமாகப் பதிவாகும், கணநேர வீழ்ச்சியும் தப்பாது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பதிவு 'டீசல் போதவில்லை' என்று சொன்னால், காசு குறைந்த சோதனைகள் இரண்டு இருக்கின்றன. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசலுக்கு ஏற்ற ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒரு துண்டு போட்டால் குமிழி வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். டேங்கில் மின்பம்ப் இல்லாத வண்டியில் இது மிகவும் உதவும், ஏனென்றால் உறிஞ்சும் லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்திருக்கிறது என்பதற்காக லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மின்பம்ப் உள்ள வண்டியில் லைன் அழுத்தத்தில் இருப்பதால் கசிவு ஈரமாகவே தெரியும். இன்னொன்று, பானட்டுக்குள் கட்டிய சுத்தமான டீசல் கேனிலிருந்து வண்டியை ஓடவிட்டு, ரிட்டர்னையும் (எரியாமல் திரும்பி வரும் டீசல்) அதற்குள்ளேயே விடுவது. சூடான பாகங்களிலிருந்து தள்ளிக் கட்டவேண்டும். நின்ற இடத்தில் ஓடவிடும் அளவுக்குத்தான் இதைச் செய்யவேண்டும், சாலையில் வேண்டாம். அரைமணி ஓடி நின்றுபோய், பத்து நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்பும் வண்டியில் டேங்க் வடிகட்டியில் குப்பை ஒட்டி விழுவது சகஜம். அப்படி இருந்தால் கேனில் ஓடும்போது கோளாறு தலைகாட்டாது. டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், கேன் கட்டும் முன்பே டேங்குக்குக் காற்று போகும் வழியைச் சுத்தம் செய்யுங்கள்.

ரிட்டர்ன் பாட்டில் சோதனை, இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வந்தபின் செய்வது. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் நாலு பாட்டிலில் விட்டு அளவை ஒப்பிட்டால், உள்ளுக்குள் கசியும் இன்ஜெக்டரின் பாட்டில் மற்றவற்றை முந்தி நிரம்பும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் செய்துவிட்டு எல்லாம் சமம் என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சூடான டீசல் மெலிந்து அதிகம் கசியும், அதனால் சூடான பிறகு ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டிக்குச் சூட்டில் செய்தால்தான் பலன். ரிட்டர்னில் அழுத்தம் தேவைப்படும் பியெசோ வகை இன்ஜெக்டருக்கு இந்தப் பாட்டில் முறையே ஒத்துவராது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் இல்லாத பழைய பம்ப் வண்டியில் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்துவார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. கசிவைக் கையால் தடவியும் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனால் கையையே இழக்கும் காயம் அது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லவேண்டும்.

இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டி அளக்கும் டெஸ்ட் பெஞ்ச் கடைசி. ஐடிலிங், முழு லோடு, ரிட்டர்ன் என்று தனித்தனியாக அளந்து தேய்மானத்தை எண்ணில் காட்ட அதைவிட்டால் ஆளில்லை. ஆனால் வண்டியின் வயர், சூடு, அதிர்வு எதுவும் பெஞ்சுக்குப் போவதில்லை. பெஞ்சில் தேறிய இன்ஜெக்டர் வண்டியில் தகராறு செய்வது இதனால்தான். கழற்றி அனுப்பும் முன் பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் பம்ப் தேய்ந்து உதிர்கிறது. அப்போது டேங்க், லைன், ரெயில் எல்லாவற்றையும் கழுவாமல் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே தூளில் கெடும். தூள் இல்லை என்றால் நாலையும் சர்வீஸுக்கு முன் அளந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த சிலிண்டருக்கு எது என்று குறித்து அனுப்புங்கள். புதியதாக மாற்றினால், தலையில் குறியீடு பொறித்த வகை என்றால், அதை ஸ்கேனர் வழியாக எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்றியபிறகே வண்டியை எடுங்கள். பிறகு அதே பைபாஸில், அதே ஏற்றத்தில் ரெயில் பிரஷரை மறுபடி பதிவு செய்து பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.