டாவ்ஸ் திட்டம் பற்றிய இணையப் பாடத்தொகுப்பு: ஒரு மதிப்புரை

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியின் இழப்பீட்டுக் கடன் 1924-இல் டாவ்ஸ் திட்டத்தின்படி மறுசீரமைக்கப்பட்ட வரலாற்றை விளக்கும் இணையப் பாடத்தொகுப்பு ஒன்றைக் கட்டணம் செலுத்திக் கேட்டு முடித்தேன். கடைசிப் பாடத்தில் பெருங்குறை இருந்தும், வாங்கலாம் என்றே சொல்வேன்.

1921-இல் விதிக்கப்பட்ட 13,200 கோடி தங்க மார்க் (தங்கத்தின் மதிப்பில் கணக்கிட்ட ஜெர்மன் நாணயம்) இழப்பீடு, 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதியைக் கைப்பற்றியது, புதிய நாணயமான ரென்டன்மார்க் ஒன்றுக்கு லட்சம் கோடி பழைய காகித மார்க் ஈடாக வைக்கப்பட்ட அளவுக்கு நாணயம் சீரழிந்தது ஆகியவற்றை முதலிரு பாடங்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன.

தொகுப்பின் உயிர் மூன்றாம் பாடத்தில் இருக்கிறது. அமெரிக்க வங்கியாளர் சார்லஸ் டாவ்ஸ் தலைமையிலான குழு, மொத்தக் கடனைத் தொடாமல், ஆண்டுத் தவணையை 100 கோடியில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 250 கோடி தங்க மார்க்காக உயரும்படி வகுத்தது. முதல் தவணையிலும் 80 கோடி வெளிநாட்டுக் கடனிலிருந்தே வந்தது. மார்க்கைத் தன் மைய வங்கியில் இழப்பீட்டு முகவரின் (தவணைகளைப் பெற்றுக் கடன்கொடுத்த நாடுகளுக்கு அனுப்ப அமர்த்தப்பட்ட அதிகாரி) கணக்கில் செலுத்தியதும் ஜெர்மனியின் கடமை முடிந்துவிடும். அதை அயல்நாட்டுப் பணமாக மாற்றி அனுப்புவது முகவரின் பொறுப்பு, நாணயத்தின் மதிப்பு ஆட்டம் காணுமென்றால் அனுப்புவதை அவர் நிறுத்தியும் வைக்கலாம். வரியாகத் திரட்டுவதும் எல்லை தாண்டி அனுப்புவதும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதை ஆசிரியர் அவசரமின்றிப் புரியவைக்கிறார். பல நாள் குழப்பம் எனக்கு இங்கேதான் தீர்ந்தது.

ஆனால் கடைசிப் பாடம், பொருளாதாரம் நிலைபெற்றது என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த நிலைத்தன்மை அமெரிக்கக் கடனைப் பெரிதும் நம்பியிருந்ததையும், அரசின் கடனும் செலவும் மிகுவதை முகவர் பார்க்கர் கில்பர்ட் 1927-இல் எச்சரித்ததையும், 1931-இல் அமெரிக்க அதிபர் ஹூவர் அறிவித்த ஓராண்டுத் தவணை நிறுத்தத்தையும், 1932 லொசான் மாநாட்டோடு இழப்பீடு ஏறத்தாழ முடிவுக்கு வந்ததையும் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம் தந்தது. சிகிச்சையை விவரித்துவிட்டு நோயாளி பின்னர் என்ன ஆனார் என்பதை மறைத்ததற்கு ஒப்பாகும் இது. மேலும், பாடக்குறிப்பில் டாவ்ஸ் திட்டம் மொத்தக் கடனைக் குறைத்தது என்று அச்சாகியிருக்கிறது. மூன்றாம் பாடமே அதை மறுக்கிறது. சுட்டிக்காட்டி எழுதினேன், இன்னும் திருத்தப்படவில்லை.

தயங்குபவர்கள், முன்னோட்டமாக இலவசமாகக் கிடைக்கும் மூன்றாம் பாடத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.