தூசி அலர்ஜிக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, இரவெல்லாம் மூக்கடைப்பு. தூசிப்பூச்சி (மெத்தை, தலையணையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சி) அலர்ஜியின் இந்தத் தொல்லைக்கு நீண்ட காலம் கைகொடுப்பது ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான். இந்த வகையில் வரும் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இரண்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃப்ளூட்டிகசோனில் சில வகைகளுக்கு ஒரு பூ வாசனை உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மொமெட்டசோன் தோதாக இருக்கும்.

நான்கு நாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. மூக்கின் உள்வீக்கத்தை இது மெல்லத்தான் தணிக்கும், முழுப் பலன் தெரிய 2 வாரம்வரை ஆகும். தும்மல் இல்லாத நாளிலும் அடிக்க வேண்டும்.

அடிக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. புது பாட்டிலைக் குலுக்கி, சீரான தூறல் வரும்வரை காற்றில் அழுத்துங்கள். மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் பிடியுங்கள். அப்போது நுனி தானாகவே கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து நிற்கும். அதே பக்கக் கையால் பிடித்தால் மருந்து நடுச்சுவரில் போய் விழும். நாளடைவில் அந்த இடம் வறண்டு, பொருக்குத் தட்டி, ரத்தம் கசியும். ரத்தத்தைப் பார்த்ததும் பயந்து நிறுத்துபவர்கள் எதிர்ப்பக்கக் கையால் பிடிக்கிறோமா என்று முதலில் கவனிக்கட்டும். அழுத்தும்போது லேசாக மூச்சிழுத்தால் போதும். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதென்றால் ஸ்ப்ரேக்கு முன்னால் கழுவுங்கள், பின்னால் கழுவினால் மருந்தும் போய்விடும். 240 மி.லி. நீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்நீரை அப்படியே விட்டால், அரிதாக என்றாலும், மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போகலாம்.

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். 3 நாளைத் தாண்டினால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும், பிறகு சொட்டு இல்லாமல் தூங்க முடியாது.

செட்டிரிசின் 10 மி.கி. அலர்ஜி மாத்திரை தும்மலுக்கும் அரிப்புக்கும் நன்றாகக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாக இல்லை. தூக்கம் வருகிறது என்றால் ஃபெக்ஸோஃபெனடின் எடுக்கலாம். அதைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறையும், தண்ணீர்தான் சரி.

மெத்தை, தலையணைக்கு ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறை போட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது பலன் தருகிறது. காற்று சுத்திகரிப்பான் இந்த அலர்ஜியில் ஏமாற்றம்தான். பூச்சியின் கழிவுத்துகள் கனமானது, படுக்கையை உதறும்போது கிளம்பி, கருவியை எட்டும் முன்பே படிந்துவிடுகிறது.

குழந்தைகளுக்கு ஸ்ப்ரேயை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள், வளர்ச்சி குறைகிறதா என்று உயரத்தையும் அவ்வப்போது அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விடாத அடைப்பு, மூச்சில் விசில் சத்தம் என்றால் ஸ்ப்ரேயை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.