கம்பெனி டப்பாவில் வந்த கைத்தோட்டா: ரைஃபிள் போனது, பதில் சொல்ல ஆளில்லை

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழக்கமான ஒருவர் "மேட்ச் லோடு, நானே நிரப்பினது, கம்பெனி தோட்டாவை விட நல்லாச் சுடும்" என்று சொல்லி, போட்டிக்கென்று கையால் நிரப்பிய தோட்டா டப்பாவை நீட்டினால், வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். என் .308 அளவு ரைஃபிளின் போல்ட் (தோட்டா உட்காரும் அறையைப் பின்னாலிருந்து பூட்டும் பாகம்) இப்போது வெறும் இரும்புத் துண்டு. ஸ்டாக்கில், அதாவது தோளில் சாய்த்துப் பிடிக்கும் உடலில், தோட்டா நிரப்பும் மேகசின் பக்கம் நீளமாக விரிசல். கண் பிழைத்தது பாதுகாப்புக் கண்ணாடியால்தான்.

விற்றவரின் பெயரைப் போடப்போவதில்லை. ஆனால் அவர் விற்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்தே நீங்கள் உஷாராகிவிடலாம். பெயர்பெற்ற கம்பெனியின் காலி டப்பா. உள்ளே பளபளவென்று தேய்த்த பித்தளைக் கூடுகள். மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் "308 - 168" என்று மட்டும் எழுத்து. 168 என்பது குண்டின் எடை, கிரெய்ன் கணக்கில். எந்தப் பவுடர் (வெடிமருந்து), எவ்வளவு, எந்த பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), எந்தத் தேதி, மொத்த நீளம் என்ன என்று எதுவும் கிடையாது. கேட்டதற்கு, "தம்பி, அதெல்லாம் என் மண்டையில இருக்கு" என்றார்.

முதல் சில குண்டுகள் இலக்கில் நெருக்கமாகவே விழுந்தன. அப்புறம் போல்ட் கைப்பிடியைத் தூக்குவது கனமாகிவிட்டது. வெளியே வந்த கூட்டைப் பார்த்தால் பிரைமரின் விளிம்பு உருண்டையாக இல்லாமல் தேய்த்தது மாதிரி தட்டையாக இருந்தது. அடிப்பகுதியில் எஜெக்டர் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் பாகம்) ஓட்டையின் அச்சு வட்டமாக மின்னியது. இரண்டும் அழுத்தம் கூடுவதன் அறிகுறி. பக்கத்திலேயே நின்ற அவரிடம் காட்டினேன். "மேட்ச் லோடுன்னா கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும் சார், பயப்படாதீங்க" என்றார். (தம்பி அதற்குள் சார் ஆகியிருந்தேன்.)

அடுத்த வெடியின் சத்தமே வேறு. முகத்தில் சுடச்சுடப் புகை அடித்தது, பாதுகாப்புக் கண்ணாடியில் பித்தளைத் துகள் ஒட்டியிருந்தது. போல்ட் அசையவே இல்லை. அதைத் திறக்கத் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டியிருந்தது. கழற்றிய பிறகு பார்த்தால் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் காணோம், பிரைமர் தன் குழியை விட்டே போய்விட்டது, கூட்டின் அடிப்பித்தளை எஜெக்டர் ஓட்டைக்குள் பிதுங்கிப் போல்ட் முகத்தோடு ஒட்டிக் கிடந்தது.

இதற்கு விற்றவர் சொன்ன பதில்: "உங்க ரைஃபிள்லதான் குறை."

அந்த வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. துப்பாக்கியே கெட்டதாக இருந்த வரலாறு உண்டு. அமெரிக்க ராணுவத்தின் 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில் 8,00,000-க்குக் கீழே வரிசை எண் உள்ளவற்றில் சிலவற்றின் ரிசீவர்கள் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பாகம்) நொறுங்கிய கதை துப்பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் இரும்பின் சூட்டை நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே மதிப்பிட்டார்கள், அதில் சில துண்டுகள் அதிகமாகச் சூடேறி உடையும் தன்மைக்கு வந்துவிட்டன. ஆகவே யார் மேல் பழி என்பதைச் சாட்சி வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

மெக்கானிக் செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஹெட்ஸ்பேஸை, அதாவது பூட்டிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டா உட்காரும் இடத்தின் நீளத்தை, அளந்தார், கூடியிருந்தது. ஆனால் "இது சாட்சி ஆகாது, இந்த அழுத்தத்தில் போல்ட்டின் லக் (பூட்டும் முனை) பின்னால் அமுங்கியும் கூடியிருக்கலாம்" என்று அவரே சொல்லிவிட்டார். முன்பு இதே ரைஃபிளில் சுட்ட கம்பெனித் தோட்டாக்களின் காலிக் கூடுகள் என் பையில் கிடந்தன. அவற்றை வாங்கிப் பார்த்தார். ஹெட்ஸ்பேஸ் முதலிலிருந்தே தளர்ந்திருந்தால் கூடு இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு உரசினால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அவற்றில் இரண்டுமே இல்லை, பிரைமர்களும் ஒழுங்காக இருந்தன. நேற்று வரை நன்றாக இருந்த ரைஃபிள்.

அடுத்ததாக மீதி இருந்த கைத்தோட்டாக்களைப் பிரித்தோம். அதற்கென்று சுத்தியல் வடிவில் ஒரு கருவி உண்டு, தட்டினால் குண்டும் பவுடரும் தனியாக வந்துவிடும். உள்ளே இருந்த லட்சணம் அப்போதுதான் வெளிப்பட்டது.

கூடுகள் ஒரே ரகம் இல்லை. பாதியின் அடியில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை, அதாவது ராணுவப் பித்தளை. அதன் சுவர் பொதுவாகத் தடிமன், அதனால் உள்ளே இடம் குறைவு. சாதாரணக் கூட்டுக்கு உச்ச அளவாக இருக்கும் பவுடரை இதில் கொட்டினால் அழுத்தம் எல்லையைத் தாண்டும். சில கூடுகள் நீளம் குறைக்கப்படாமல் 2.015 அங்குல வரம்பையும் மீறியிருந்தன. அப்படி நீண்ட கழுத்து சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) முனையில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விடுபட வழியில்லாமல் அழுத்தம் எகிறும்.

மோசமானது பவுடரின் எடை. ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிரெய்ன் வித்தியாசம். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம், கேட்கத் தூசு போலத்தான் இருக்கும். ஆனால் உச்ச அளவுக்குப் பக்கத்தில் நிரப்புகிறவர்கள் அரை கிரெய்னைக்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். .308-க்கு அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம். அந்த 62,000 உங்கள் கன்னத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் நடக்கிற விஷயம்.

வித்தியாசம் எப்படி வந்தது என்பதற்கு மெக்கானிக்கின் ஊகம் எனக்குச் சரியாகப் படுகிறது. குச்சி குச்சியாக இருக்கும் ரைஃபிள் பவுடர், அளவுக் கருவியின் குழாயில் குறுக்கே மாட்டிப் பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டில் குறைவாக விழும், பாலம் உடைந்ததும் அடுத்த கூட்டில் மிச்சமும் சேர்ந்து விழும். எடை போட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம், வேகமாக விற்பதற்காக நிரப்புகிறவர் எங்கே எடை போடுவார்? குறைவாக விழுந்த தோட்டாவும் சாது இல்லை. சுடும்போது "புஸ்" என்று சத்தம் வந்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் மெலிந்தாலோ உதை குறைந்தாலோ, போட்டி நடந்துகொண்டிருந்தாலும் சரி, நிறுத்துங்கள். முழுவதும் காலி செய்துவிட்டுக் குழலுக்குள் பாருங்கள்.

கையால் நிரப்புவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்பவர்களை எனக்குத் தெரியும். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் திறந்திருக்கும், தராசைச் சோதனைப் படிக்கல் வைத்துப் பார்ப்பார்கள், புத்தகத்தில் போட்ட உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் கீழே ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார்கள், ஒவ்வொரு டப்பாவிலும் முழு விவரம் இருக்கும். ஆனால் அவர்கள் நிரப்புவது தங்கள் ரைஃபிளுக்கு. குண்டு தன் குழலின் வரிப்பள்ளங்களுக்கு மிக அருகில் போய் உட்காரும்படி வைப்பார்கள், துல்லியத்துக்காக. அதே தோட்டா, தொண்டை (சேம்பருக்கும் வரிகளுக்கும் இடையில் உள்ள பகுதி) குறுகிய இன்னொரு ரைஃபிளில் வரிகளுக்குள்ளேயே போய் இறுகும், அதுவும் அழுத்தத்தைக் கூட்டும். அதனால்தான் அவர்களிடம் கேட்டால் விற்க மாட்டார்கள், சும்மாவும் தர மாட்டார்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். ரைஃபிள் கம்பெனிக்கு எழுதினேன். கையால் நிரப்பிய தோட்டா சுட்டால் உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டிலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். டப்பாவில் பெயர் இருக்கும் தோட்டாக் கம்பெனிக்கு இதில் பொறுப்பே இல்லை, டப்பா மட்டும்தான் அவர்களுடையது. விற்றவரோ ரசீது தந்ததே இல்லை. எடைக் கணக்கையும் கூடுகளின் படங்களையும் காட்டியபோது "அது என் தோட்டாதான்னு என்ன நிச்சயம்?" என்றார். அமெரிக்காவில் விற்பதற்காகத் தோட்டா செய்ய 06 வகை என்று தனி உரிமமே வேண்டும். உங்கள் நாட்டில் என்ன விதி என்று பாருங்கள், விற்பவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கி வைத்திருப்பவர்கள், ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் முதல் சில குண்டுகள் நன்றாகத்தான் போயின. மூடியில் கையால் எழுதியிருக்கிறதா, கூடுகளின் அடி முத்திரை கலந்து கிடக்கிறதா, பிரைமர் குழியைச் சுற்றிப் பழைய கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் தனியாக எடுத்து வைத்து, பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் பவுடர் நல்ல நிறமாக இருக்கிறதே என்று எடுத்து மறுபடி உபயோகிக்காதீர்கள். பல பவுடர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எரியும் வேகம் மட்டும் வேறு.

கிளப்பில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன், பிரித்த தோட்டாக்களை எண் போட்டுத் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறேன். விற்றவர் இன்னும் ரேஞ்சுக்கு வருகிறார், டப்பாக்களோடுதான்.