கடல் நீரோட்ட முன்னறிவிப்பு: நீண்ட காலம் பயன்படுத்தியவனின் அனுபவம்

கடலில் மிதக்கும் ஒரு பொருள் நாளையும் நாளை மறுநாளும் எங்கே போய்ச் சேரும் என்று கணக்கிடுவதுதான் என் வேலை. இதற்காகப் பல வருடங்களாக நீரோட்டத்தைக் கணினியில் கணித்துச் சொல்லும் இரண்டு மாடல்களை, ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் கடல் சேவையின் உலக மாடலையும் அமெரிக்காவின் ஹைகாம் மாடலையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறேன். இரண்டும் இலவசம். இரண்டும் கடலைப் பிரித்துக் கணக்கிடும் கட்டத்தின் அளவு ஏறக்குறைய 1/12 டிகிரி, அதாவது நிலநடுக்கோட்டுப் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர்.

எது சிறந்தது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஆழ்கடலில் இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் துணிந்து நம்புகிறேன். ஒன்று வடக்கே இழுத்து இன்னொன்று கிழக்கே இழுத்தால், அங்கே ஒரு சுழலின் இடத்தை யாரோ தவறாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே தேடும் பரப்பை அகலமாக்கிவிடுவேன். மாடல் ஓட்டும் மையம் ஒன்றே ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்த எச்சரிக்கை கிடைக்கவே கிடைக்காது.

மாடலில் சுழல் ஏன் இடம் மாறிவிடுகிறது? சுழல் இருக்கும் இடத்தைக் காட்டுவது கடல் மட்டத்தின் மேடு பள்ளம். அதை மாடலுக்குச் சொல்வது செயற்கைக்கோள் உயரமானி. 1992-இல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடனும் அதன் வழியில் வந்த ஜேசன் வரிசையும் தமக்கு நேர் கீழே உள்ள கோட்டை மட்டுமே அளந்தன. சுமார் 10 நாளுக்கு ஒருமுறைதான் அதே கோட்டுக்குத் திரும்பின. நிலநடுக்கோட்டில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. பல செயற்கைக்கோள்களின் அளவைச் சேர்த்தாலும் சின்னச் சுழல்கள் இந்த இடைவெளிகளில் நழுவிவிடும். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் அகலமான பட்டையாக அளக்கிறது. ஆனால் அதே இடத்துக்கு அதே பாதையில் திரும்பிவர 21 நாள் ஆகும்.

மேற்பரப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்பவை ஆர்கோ மிதவைகள். 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடியே மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். 2007 நவம்பரில் இவற்றின் எண்ணிக்கை 3000-ஐத் தொட்டது. எந்த நாடும் தனியாகச் சுமக்கக்கூடிய செலவு இல்லை இது. பல நாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் மிதவை போட்டு, தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1997-இல் தொடங்கி 2008 வரை நடந்த கோடே என்ற கூட்டு முயற்சி, முன்னறிவிப்பை எப்படிச் சோதிப்பது என்பதில் மையங்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்தது. (இன்று அது ஓஷன்பிரெடிக்ட் என்ற பெயரில் தொடர்கிறது.) மிதவை அளந்த அதே இடம், அதே நேரம், அதே ஆழத்தில் உங்கள் முன்னறிவிப்பு என்ன சொன்னது என்று எடுத்து வையுங்கள், வித்தியாசத்தைப் பார்ப்போம். அவ்வளவுதான். வண்ணப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கில் தப்ப முடியாது.

நானும் என் அளவில் இதைத்தான் செய்கிறேன். நான் ஒப்பிடுவது ஆர்கோ அல்ல, மேற்பரப்பில் நீரோட்டத்தோடு போகும் வேறு வகை மிதவை. அதன் அடியில் 15 மீட்டர் ஆழத்தில் துணியாலான நங்கூரக் குழாய் தொங்கும். அதனால் அதை மாடலின் மேல் அடுக்கோடு ஒப்பிடக் கூடாது. 15 மீட்டருக்கு நெருக்கமான அடுக்கை எடுக்க வேண்டும். அந்தக் குழாய் அறுந்துபோனால் மிதவையைக் காற்று தள்ள ஆரம்பித்துவிடும். அறுந்ததா இல்லையா என்று தரவிலேயே குறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாடலைக் குறை சொல்பவர்கள் நிறைய.

கரையோரம் வேறு கதை. மாடலின் தினசரி சராசரியில் ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) மறைந்துவிடும். ஓதமும், அலைகள் பொருளை இழுத்துச் செல்லும் வேகமும் சேர்ந்த மொத்த நீரோட்டக் கோப்பு கோப்பர்னிகஸில் தனியாக உண்டு, அதை எடுங்கள். துறைமுக வாய்க்கு அதுவும் போதாது. உலக மாடலின் கணக்கைத் தன் எல்லையில் வாங்கிக்கொண்டு ஓடும் உள்ளூர் மாடல் வேண்டும்.

எனக்கு உண்மையான வருத்தம் இரண்டு. ஒரு மையம் பதிப்பை மாற்றியபோது கோப்புக்குள் இருந்த பெயர்களும் மாறின. மாற்றம் பற்றிய தகவல் வந்தது குறுகிய அவகாசத்தில். இரவில் தானாக ஓடும் என் நிரல்கள் நின்றன, அவசரத் தேடல் ஒன்று நடந்துகொண்டிருந்த சமயத்தில். மனிதர்கள் நம்பியிருக்கும் சேவையில் பழைய வடிவமும் கொஞ்ச காலம் கூடவே ஓட வேண்டும்.

இரண்டாவது, காப்பகம். தாமதமாக வரும் அளவுகளைச் சேர்த்துக் கடந்த நாட்களைத் திரும்பக் கணக்கிட்டு, பழைய முன்னறிவிப்பின் மேலேயே எழுதிவிடும் வழக்கம் உண்டு. அறிவியலுக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்பை எடுத்து, "முன்னறிவிப்பு எவ்வளவு சரியாக இருந்தது" என்று சோதித்தால், விடை உள்ளதைவிட நன்றாகத்தான் வரும். அன்று நம் கையில் இருந்த கோப்பு அதுவல்லவே! அதனால் வெளியான அன்றே என் பகுதியை வெட்டி, தேதி போட்டுச் சேமித்து வைக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள். வெளியான வடிவிலேயே முன்னறிவிப்புகளைச் சேர்த்து வைக்கும் பொதுக் காப்பகத்தை எல்லா மையங்களும் பராமரிக்க வேண்டும் என்று கருத்துக் கேட்பு வரும்போதெல்லாம் எழுதிவருகிறேன். நீங்களும் எழுதுங்கள்.